புதைந்த படியிலிருந்து அளந்தது

2022ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, வெள்ள எல்லையைக் குறிக்கும் சிவப்புக் கோடு நகரமைப்பு அலுவலகத்தில் இறுதி செய்யப்படவிருந்தது. சென்ற ஆண்டு வெள்ளத்தில் மூன்றடிக்கு மேல் நீர் நின்ற இடங்களில் இனி வீடுகள் இருக்கக் கூடாது. அங்கே குடியிருப்போருக்கு மேட்டுப் பகுதியில் மாற்று வீடு. விதி அவ்வளவுதான். வாய்க்காலை ஒட்டிய தெருவின் அளவு இரண்டடி மூன்று அங்குலம் என்றிருந்ததால் அத்தெரு தப்பியது. வரைபட அதிகாரியின் அக்கா அங்கேதான் குடியிருந்தார். அவருடைய தையல் கடையும் அவ்வீட்டின் முன்னறைதான்.

அந்த எண்ணை அதிகாரியால் நம்ப முடியவில்லை. அக்காவின் தையல் இயந்திரம் முன்னறையில் முழங்காலளவு நீரில் நின்றதைத் தம் கண்ணால் கண்டவர் அவர். ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, அளவு நாடாவோடு அத்தெருவுக்குப் போனார்.

சுவரில் வெள்ளக் கறை இன்னும் இருந்தது. சாலையிலிருந்து அளந்தால் இரண்டடி மூன்று அங்குலமேதான். பிறகுதான் வாசலைக் கவனித்தார். மூன்று படிகளில் ஒன்று முழுதாகவும் அடுத்தது பாதியாகவும் புதைந்திருந்தன. வெள்ளம் வடிந்த பின், பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லி கொட்டித் தார் போட்டிருந்தார்கள். அளக்க வந்தவர்கள் அந்தப் புதுச் சாலையில் நின்றே அளந்துவிட்டார்கள்.

"அக்கா வீட்டுக்கு நாடாவோட வந்தவ நீ ஒருத்திதான்டி. எனக்கு ரவிக்கை தைக்கப் போறியா?" என்று அக்கா சிரித்தார்.

தங்கை விவரத்தைச் சொன்னார். அக்கா வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, மேட்டுப் பகுதிக்குப் போனால் தம்மிடம் யார் தைக்க வருவார்கள் என்று கேட்டார். இருபது ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் அனைவரும் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள்.

"ரோடு போட்டவனே மறந்திருப்பான். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, அக்கா. அடுத்த தடவை தண்ணி எல்லாரும் தூங்கும்போது வந்தா?"

அக்கா தைத்த துணியை மடித்து வைத்தார்.

"எழுதறதுன்னா எழுதிக்கோ. இனிமே இந்த வாசலை மிதிக்காதேன்னு என்னைச் சொல்ல மட்டும் வைக்காதே."

அதிகாரி எழுதினார். அத்தெருவில் தம் அக்கா குடியிருப்பதையும் அதே தாளில் குறிப்பிட்டு, மறு அளவையை வேறொருவரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொண்டார். அப்படி வந்தவர் புதைந்த படியின் அடியைத் தோண்டி அளந்தபோது மூன்றடி ஓர் அங்குலம் வந்தது.

தள்ளிப்போன கோட்டை மார்ச் 28ஆம் தேதி நகரமைப்புக் குழு முடிவு செய்தது. அத்தெருவின் முப்பத்து நான்கு வீடுகளும் கோட்டுக்குள் வந்தன. ஓராண்டுக்குள் காலி செய்ய வேண்டும். இனிப் பழைய பரப்பைச் சுரண்டாமல் எங்கும் சாலை போடக் கூடாது. மாற்று வீடுகளில் கடைக்கு இடம் ஒதுக்குவது பற்றி எதுவும் முடிவாகவில்லை.