லூர்துமேரியின் ரசாயன நோட்டு

ரசாயன வகுப்பு முடியும்போது லூர்துமேரியின் நோட்டில் நான்கு பக்கம் நிறைந்திருக்கும். அத்தனையும் தமிழ் எழுத்து. ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் தமிழிலேயே படித்துவிட்டுக் காலேஜுக்கு வந்தவள் அவள். வெள்ளைக்காரப் பேராசிரியை மூச்சு விடாமல் பேசும் இங்கிலீஷை ஸ்பெல்லிங் போட்டு எழுத நேரம் ஏது? காதில் விழுந்த சத்தத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டு, வீட்டில் அகராதியைப் புரட்டுவாள்.

வினை அங்கேதான் இருந்தது. நோட்டில் 'பேஸ்' என்று இருக்கும். அகராதியில் அந்த எழுத்துக்குப் பொருந்தும் இங்கிலீஷ் வார்த்தைகள் மூன்று நான்கு இருந்தன. அவளுக்குத் தெரிந்தது முகம் ஒன்றுதான். அமிலத்தோடு சேரும் காரத்தின் இங்கிலீஷ் பெயரும் தமிழில் எழுதினால் அதே 'பேஸ்'தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

1934-ல் இன்டர்மீடியட் முதல் பரீட்சை. "அமிலமும் முகமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் உண்டாகும்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். பேராசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்தார். பெஞ்சுக்குப் பெஞ்சு சிரிப்பு.

"ராயபுரத்துல அமிலத்துலதான் முகம் கழுவுவீங்களா?" என்றாள் பக்கத்திலிருந்த வக்கீல் மகள்.

நூற்றுக்குப் பதினொரு மார்க்கு. "ஆசிரியைப் பயிற்சிக்குப் போ. இது உனக்கு ஒத்துவராது" என்றார் பேராசிரியை.

வீட்டுக்கு வந்து நோட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா வியாகுலம்மாள் நிமிர்ந்தாள்.

"இன்னாத்துக்குடி இந்தப் பேஜாரு? டீச்சர் வேலைக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரும்மா சொன்னது? மெய்யாலுமே எனக்குப் பாடம் தெரியும். தமிழ்ல கேட்டா இப்பவே சொல்லுவேன்."

"அப்ப தமிழ்ல கேக்கச் சொல்லு."

லூர்துமேரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின.

அதே பாடத்தைப் பேராசிரியை மத்தியானம் இன்னொரு பிரிவுக்கும் நடத்துவார். மறுநாள் அவர் அறைக்குப் போய், அங்கேயும் உட்காரலாமா என்று தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"இரண்டு தரம் பார்க்க இது பயாஸ்கோப்பா?" என்றவர், சற்று யோசித்து, "கடைசி பெஞ்சு. வாய் திறக்கக் கூடாது" என்றார்.

காலையில் கேட்டதைத் தமிழில் எழுதுவாள். இடைவேளையில் சோற்றைக்கூடத் திறக்காமல் பாடப்புத்தகத்தில் அந்த வார்த்தைகளைத் தேடுவாள். மத்தியானம் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். முதல் இரண்டு மாதம் பாதி வார்த்தை அகப்படவே இல்லை. அடுத்த பரீட்சையிலும் பெயில். மத்தியான வகுப்புப் பெண்கள் அவளுக்கு 'ரெண்டாவது ஆட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் வருஷம் பாதியில்தான் நோட்டில் இங்கிலீஷ் எழுத்து அதிகமானது.

சர்வகலாசாலைப் பரீட்சையில் ரசாயனத்தில் ஐம்பத்தெட்டு வாங்கினாள். ஆனால் இங்கிலீஷ் பாடத்தில் மூன்று மார்க்குக் குறைந்து பெயிலானாள்.

செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினாள். ஆனால் மேல்வகுப்புக்கு அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும்.

"அதான் பாஸாயிட்டியே. இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள் வியாகுலம்மாள்.

"மூணு மார்க்கும்மா. மூணு மார்க்குக்கு ஒரு வருசம்."

ஜூனில் லூர்துமேரி பி.ஏ. ரசாயன வகுப்பில் சேர்ந்தபோது, வக்கீல் மகள் அவளுக்கு ஒரு வருஷம் முன்னால் போயிருந்தாள்.