ராசியில்லாத கை

பந்தயக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு இஷ்பெல் கெயர்ட் உள்ளே வந்ததும், அங்கே நின்றிருந்த ஏழெட்டு ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். இன்வர்கார் ஊரில் பெண்கள் அந்தப் படியேறுவதில்லை. புருஷனைத் தேடி வருகிறவள்கூட வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாளே தவிர உள்ளே கால் வைக்கமாட்டாள். இஷ்பெல் மீன் கூடத்து ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். மதிய இடைவேளை மொத்தமே அரைமணி நேரம், அதில் பத்து நிமிடம் நடந்தே தீர்ந்திருந்தது. சுவரை அடைத்து நின்ற கரும்பலகையில், மறுநாள் புதன்கிழமை தொடங்கும் கோல்ஃப் போட்டிக்கான பெயர்களைக் கடைக்காரர் ராட்ரே சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். அமெரிக்கர்கள், ஆஸ்திரேலியர்கள் என்று பெரிய தலைகளெல்லாம் மேலே இருந்தார்கள். எல்லோருக்கும் கீழே, தனியாகக் கட்டம் போட்டு ஒரு வரி: 'நம்ம லாக்லன் வெள்ளிக்கிழமை ஆடுவானா?'

லாக்லன் அவள் புருஷன். ஊர் கோல்ஃப் மன்றத்தில் மற்றவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்து, கையுறையும் பந்தும் விற்று, உடைந்த மட்டைக்குப் பிடி மாற்றிக் கொடுத்து வயிறு வளர்ப்பவன். வயது நாற்பத்தொன்று. பெரிய போட்டி வருஷத்துக்கு ஓர் ஊராகச் சுற்றிவரும். அதில் இடம் கேட்டு உள்ளூர்க்காரர்கள் முட்டி மோதுகிற தகுதிச் சுற்றைத் தாண்டி அவன் இதற்கு முன் மூன்று முறை உள்ளே போயிருக்கிறான். நான்கு நாள் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கிய பாதிப் பேரைப் பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்கள். மூன்று முறையும் லாக்லன் பெட்டி கட்டியவர்களில் ஒருவன். குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போடுகிறவன் ஜெயிக்கும் அந்த ஆட்டத்தில், மூன்று முறையும் ஒரே ஒரு அடி கூடிப்போய். இந்த வருஷம் போட்டி பக்கத்து ஊர் மணல்மேட்டுத் திடலுக்கே வந்திருந்தது, அவனும் மறுபடி தகுதி பெற்றிருந்தான். ஊரே அவன் மேல் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தது.

"அஞ்சு பவுண்டு," என்றாள் இஷ்பெல். "ஆடமாட்டான்னு எழுதுங்க."

ராட்ரே மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சரியாகத்தான் கேட்டோமா என்று இன்னொரு தரம் கேட்டார். அவள் இன்னொரு தரம் அதையே சொன்னாள். சீட்டை வாங்கிக் கவுனுக்குள் போட்டுக்கொண்டு, யாரையும் பாராமல் வெளியே வந்தாள். காரியம் கமுக்கமாக முடிந்துவிட்டது என்று நினைத்தாள். ஏழெட்டு ஆண்கள் பார்த்திருக்க ஒரு காரியம் கமுக்கமாக முடியும் என்று நம்பியதுதான் அவள் செய்த பிழை.

அவள் கணக்கு வேறு. இஷ்பெல் பணம் கட்டி எதுவும் ஜெயித்ததில்லை. மீன் கூடத்தில் ஹாடக் மீனைக் கீறிப் புகைக்குக் கட்டும் இருபத்திரண்டு பெண்களுக்கும் இது தெரியும். வருஷா வருஷம் பெரிய குதிரைப் பந்தயத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆளுக்கொரு குதிரை எடுப்பார்கள். இஷ்பெல்லின் குதிரை முதல் வேலியிலேயே குப்புற விழும். ஒரு வருஷம் விழவில்லை, ஜெயித்தே வந்துவிட்டது. அவள் ஏப்ரனைக் கழற்றி வீசிக் குதித்துக்கொண்டிருக்கும்போதே, சவாரிக்காரனின் எடை குறைகிறது என்று அதன் வெற்றியை ரத்து செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் எதிரில் நின்று மீன் கீறும் நெட்டா, "ஏடி இஷ்பெல், நீ முதல்ல எடு. நீ தொட்டதை விட்டுட்டு நாங்க எடுத்துக்கறோம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், இஷ்பெல்லும்தான். ஆனால் லாக்லன் போட்டிக்குள் போன மூன்று முறையும் அவன் தேறுவான் என்று அவள் ஐந்து பவுண்டு கட்டியிருந்தாள். மூன்றாவது முறை அவன் திரும்பி வந்து மட்டைப் பையை மூலையில் சாத்தியபோது அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. குதிரை விழட்டும், அது யாரோ வளர்த்த குதிரை. புருஷனையும் அல்லவா இந்தக் கை கவிழ்த்துவிட்டது. அதனால்தான் இந்த முறை மாற்றிப் போட்டாள். பெண்கள் நடுவே புழங்கிய அந்தக் கேலி ஆண்கள் காதுக்குப் போனதே இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை லாக்லன் எழுபத்துநாலு அடியில் முடித்தான். மோசமில்லை. மறுநாள் எழுபத்தைந்துக்குள் ஆடினால் தேறிவிடலாம் என்று திடலில் பேசிக்கொண்டார்கள். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவன், கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடித்தான். பிறகு ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஷூவின் ஆணிகளுக்கிடையே சிக்கிய புல்லைச் சின்னக் கத்தியால் நோண்டத் தொடங்கினான்.

"ஆறு பேர் கேட்டாங்க," என்றான். "முதுகு எப்படி இருக்குன்னு."

"உன் முதுகுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னேன். யாரும் நம்பல. கூட ஒரே கட்டில்ல படுக்கறவளுக்குத் தெரியாதான்னு சிரிச்சாங்க."

இஷ்பெல் தட்டுகளைத் தொட்டியில் வைத்தாள். மீதியை அவனே சொன்னான். அவனுக்கு மட்டைப் பை சுமக்கும் தபால்காரன் நாரி, ஒன்பதாவது குழிக்கருகில் பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டானாம். செவ்வாய் மதியத்திலிருந்தே ஊர் பூராவும் பேச்சாம். கெயர்ட் பெண்டாட்டியே எதிர்த்துக் கட்டுகிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று, அவன் மேல் கட்டியவர்கள் ஓடிப்போய் எதிர்ப்பக்கமும் கட்டினார்களாம். ராட்ரே இரண்டு தடவை பலகையை அழித்து எழுதினாராம். லாக்லன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி மனதை ஆற்றியிருப்பாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குதிரைகளை, நெட்டாவின் கேலியை, அந்த மூன்று ஐந்து பவுண்டுகளை. சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்துவிடுவான், எழுந்து வந்து தோளைத் தொடுவான் என்று நினைத்தாள். அவன் கத்தியை மடக்கி ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"முதல் தடவை கடைசிக் குழியில மூணடி தூரம். அவசரப்பட்டேன். ரெண்டாவது தடவை காத்து எதிர்க்காத்துன்னு தெரிஞ்சும் தப்பான மட்டைய எடுத்தேன். மூணாவது தடவை பயந்துட்டேன். விட்டது நான், இஷ்பெல். உன் அஞ்சு பவுண்டு இல்ல."

"நான் உனக்காகத்தானே செஞ்சேன்."

"தெரியும். நாளைக்கு நான் தேறினா, உன் கை செஞ்ச வேலைம்ப. தேறலைன்னா ராட்ரேகிட்ட போய்க் காசு வாங்குவ. இதுல நான் எங்க இருக்கேன்?"

அவன் ஷூவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான், சுத்தமாகத்தான் இருந்தது.

"நாளைக்குப் போய் என் மேல கட்டு," என்றான்.

"வேணாம் லாக்லன்."

"உன் கையால."

வியாழக்கிழமை காலை கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். மீன் கூடத்துக்கு வரவில்லை என்று நெட்டாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். லாக்லன் ஆடுவான் என்பதற்குப் பலகையில் இப்போது ஒன்றுக்கு ஐந்து. செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு இரண்டுதான்; நம்புகிறவர்கள் குறைந்தால்தான் தொகை ஏறும். அந்த வித்தியாசம் முழுக்கத் தன்னால் வந்தது என்று பார்த்தபோது அவளுக்கு முகம் எரிந்தது. இத்தனை பேருடைய அவநம்பிக்கையை முதுகில் சுமந்துகொண்டுதான் நேற்று அவன் பதினெட்டுக் குழியும் நடந்திருக்கிறான்.

ராட்ரே பேனாவைத் திறக்கவில்லை. "முந்தாநாள் அப்படி, இன்னிக்கு இப்படி. நான் எதை நம்பறது மிஸஸ் கெயர்ட்?"

"நீங்க எதையும் நம்ப வேணாம். எழுதுங்க."

அவர் எழுதினார். பணத்தை மேசை மேல் வைத்துவிட்டு விரலை எடுக்க மனம் வராமல் ஒரு கணம் நோட்டை அழுத்திக்கொண்டே நின்றாள். எடுத்த பிறகு, தன் கையாலேயே அவனைக் கிணற்றில் தள்ளிவிட்டது போலிருந்தது.

திடலுக்குப் போகும் பஸ் வருகிற நேரம்தான். ஏறாமல் கடற்கரைப் பாதையில் நடந்தாள். ஒரு மணி நேர நடை. பாதி வழியில்தான் அந்த எண்ணம் வந்தது, வந்ததும் அவள் நின்றுவிட்டாள். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட, லாக்லன் நல்ல ஆட்டக்காரன்தானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை. தோற்றபோதெல்லாம் தன் ராசி நடுவில் வந்து நின்று பழியை வாங்கிக்கொண்டது. அதைப் பெரிய தியாகம் போல அவள் சுமந்து திரிந்தாள். உண்மையில், அவன் போதாதவனாக இருந்துவிடுவானோ என்ற பயத்திலிருந்து ஓடி ஒளிய அவளுக்கு வாகாகக் கிடைத்த இடம் அது. அவன் அங்கே ஒளியவில்லை. அவசரப்பட்டேன், பயந்துட்டேன் என்று சமையலறையில் உட்கார்ந்து பச்சையாகச் சொன்னான். அவளுக்கு அவன் மேல் அன்பு பொங்கியது, கூடவே வெட்கமும்.

பதினைந்தாவது குழியில் அவனைப் பிடித்தாள். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் மற்றவர்களோடு நடந்தாள். அவளைப் பார்த்ததும் சிலர் விலகி வழிவிட்டார்கள், சிலர் காதோடு காதாகப் பேசினார்கள். நாரி பார்த்தான், தலையசைக்கவில்லை. பதினாறில் ஓர் அடி போயிற்று. பதினேழில் மணல் பள்ளத்திலிருந்து பந்தைக் குழியருகே கொண்டுவந்து போட்டு அதை மீட்டான். கடைசிக் குழியைச் சுற்றிய பசுந்தரைக்கு அவன் வந்து சேர்ந்தபோது எழுபத்துநாலு அடி ஆகியிருந்தது. பந்துக்கும் குழிக்கும் நடுவே ஏழடி தூரம். இது விழுந்தால் வெள்ளிக்கிழமை உண்டு. விழாவிட்டால் நாலாவது தடவையும் ஒரே ஓர் அடி.

அவன் குழியைச் சுற்றி நடந்தான். குனிந்து பார்த்தான். அவளைத் தேடவில்லை. கட்டினாயா என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை. கடலிலிருந்து காற்று வந்து கொடித்துணியைப் படபடவென்று அடித்தது, அடங்கும்வரை பொறுத்து நின்றான். அவன் பிடரியில் முடி மெலிந்திருந்தது. முழங்கால்களை லேசாக மடக்கி, தோளைத் தளர்த்தி நிற்கும் அந்த நிற்பை அவள் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அழகாக நின்றான்.

மட்டை பந்தைத் தொட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. பந்து சரிவில் ஏறி, இடப்பக்கம் வளைந்து, மெல்ல உருண்டது. அது பாதித் தூரம் போவதற்குள் லாக்லன் நிமிர்ந்து, அதன் பின்னாலேயே நடக்கத் தொடங்கிவிட்டான். விழப்போகிறது என்று தெரிந்தவர்கள் அப்படி நடப்பார்கள். விழாது என்று தெரிந்தவர்களும் அப்படித்தான் நடப்பார்கள். இரண்டில் எது என்று அந்த முதுகைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. பந்து இன்னும் உருண்டுகொண்டிருந்தது. கயிறு வயிற்றில் அழுந்த, அவளும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.