இந்தத் தடவை என் மகன்தான்

எங்கள் அப்பாவின் வாயில் நல்ல வார்த்தை வந்தால் அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரர். இப்போது ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் முதல் நாள் டிவியில் உட்கார்ந்து, யார் ஜெயிப்பார் என்று சொல்கிறவர். சொன்னது பெரும்பாலும் பலிக்கும். டிவிக்காரர்கள் அவருக்கு ஜோசியர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஜோசியம் பொய்த்துக்கொண்டே இருந்தது ஒரே ஒருவன் விஷயத்தில். என் தம்பி.

தம்பி குரூசர்வெயிட்டில் சண்டை போடுகிறவன். ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே. யானைக்கும் குதிரைக்கும் நடுவில் என்பான். அவன் சண்டை வந்தால் போதும், "என் மகன் தோத்துடுவான்," என்று அப்பா ஊரறியச் சொல்வார். வலது கை இறங்குது, மூச்சு பத்தாது, அடி வாங்கினா மிரளுறான் என்று காரணமும் அடுக்குவார். மறுநாள் தம்பி ஜெயித்துவிட்டு வருவான்.

எனக்கு வயிறு எரியும். அவனோ சிரிப்பான்.

"உனக்குப் புரியலக்கா. எனக்குக் கோபம் வந்தாத்தான் கை வேகமாப் போகும். அது அவருக்குத் தெரியும். வேணும்னேதான் திட்டுறாரு. இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பாரு?"

அவனுக்குக் கைக்கட்டு போடுவது என் வேலை. துணிப்பட்டையை மணிக்கட்டில் சுற்றி, விரல் இடுக்குகளில் விட்டு, மேலே டேப் ஒட்டுவேன். அதுவரை அப்பா என்ன சொன்னார் என்று யாரும் அவனிடம் மூச்சுவிடக் கூடாது. கட்டுப் போடும்போதுதான் போனில் போட்டுக் கேட்பான். மற்றவர்கள் பாட்டு கேட்பார்கள், இவன் வசவு கேட்பான்.

கடைசியில் பட்டத்துக்கான சண்டை வந்தது. சாம்பியன் வயதேறியவர், முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். அப்பா ஒருநாள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து, மூலையில் நின்று தம்பியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். சண்டைக்கு முதல் நாள் டிவியில் கேட்டார்கள். "இந்தத் தடவை என் மகன்தான். பாதி சண்டைக்குள்ள முடிச்சிடுவான்," என்றார். நிகழ்ச்சி நடத்திய பெண் கைதட்டியே விட்டாள். நானும் ஒரு மடச்சி, தம்பி கேட்டால் துள்ளிக் குதிப்பான் என்று காத்திருந்தேன்.

உடை மாற்றும் அறையில் இடது கை முடிந்து வலது கையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். போனில் அப்பா பேசினார். தம்பி திரும்பவும் போடச் சொன்னான். அவன் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, அப்பா என்னைக் கைவிட்டுட்டாரு."

"என்னடா உளறுற? ஜெயிப்பேன்னு சொல்றாருடா!"

"அதான். இனிமே கோபப்படுத்திப் பிரயோஜனம் இல்லைன்னு ஆயிடுச்சு. அன்னைக்குக் கூடத்துல என்கிட்ட எதையோ பாத்திருக்காரு. சாகக் கிடக்கிறவன்கிட்டத்தான் எல்லாரும் இப்படி நல்லபடியாப் பேசுவாங்க."

நான் என்ன சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை.

ரிங்குக்குள் குத்த வேண்டிய நேரத்தில் யோசித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளரிடம், "என் கால்ல ஏதாவது தப்பாத் தெரியுதா?" என்று கேட்டான். நாலாவது ரவுண்டில் இடது கண்ணில் விழுந்த குத்தோடு சாய்ந்தான். அந்த நொண்டி சாம்பியனுக்கே நம்ப முடியவில்லை.

கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பினால் அதிர்ஷ்டம், இனிமேல் ரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். பார்வையாளர் நேரத்தில் அப்பா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, என்கிட்ட அப்படி என்ன குறையைப் பாத்தீங்க?" என்றான் தம்பி.

"குறையா? ஒண்ணும் பாக்கல. முதல் தடவையா நீ ஜெயிப்பேன்னு தோணுச்சு. நம்பிச் சொன்னேன், மானத்தை வாங்கிட்ட."

தம்பி கண்மேல் இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான். "அப்ப முன்னாடி திட்டினதெல்லாம்? எனக்குக் கோபம் வரணும்னுதானே?"

அப்பா விழித்தார். "உனக்குக் கோபம் வந்தா எனக்கென்ன? நீ தோத்துடுவேன்னு பட்டுச்சு, சொன்னேன். டிவியில உக்காந்துகிட்டு பொய்யா சொல்ல முடியும்?"

"ஒரு தடவைகூடவா..."

"ஒரு தடவைகூட இல்லடா."

"எந்திரிச்சு வெளிய போங்க," என்றேன்.

"கேட்டான், சொன்னேன். இதுல என்ன தப்பு?" என்றபடி போனார். அவர் முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. பெற்ற அப்பாவை அறைய வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

தம்பியின் உடம்பு கட்டிலோடு சேர்ந்து குலுங்கியது. "அழாதடா, தையல் பிரிஞ்சிடும்," என்று அதட்டினேன், கெஞ்சினேன். அவன் நிறுத்தவில்லை.