சோப்புப் போட்டுக் கழுவிய சில்லறை

1

ஒரு பத்து பைசாவிலிருந்துதான் இந்தக் கதை எனக்கு வந்தது. வேறு பெரிய தூண்டுதல் ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பத்திரண்டாம் வருஷம் மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டிக்கு நான் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் கண்டக்டர் லூர்துராஜ் எனக்கு மீதிச் சில்லறை கொடுத்தார். அதுவே அதிசயம். ஊரெல்லாம் சில்லறைப் பஞ்சம். கடையில் மீதிக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்கள், கண்டக்டர்கள் டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்துவிட்டு நம்மை மறந்துவிடுவார்கள். எனக்கு வந்த காசு, ஓரம் நெளிநெளியாக இருக்குமே அந்தப் பத்து பைசா, எழுத்துப் பள்ளங்களில் எல்லாம் சிவந்து கிடந்தது. ரத்தமோ என்று பயந்துவிட்டேன்.

"சோப்புப் போட்ட மஞ்சள் சார்" என்று சிரித்தார் லூர்துராஜ். "பயப்படாம வைங்க. அதுக்கு ஒரு கதை இருக்கு."

கதை இருக்கிறது என்று என்னைப் போன்ற ஆளிடம் போய்ச் சொல்லலாமா? அன்றைக்கு நான் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கங்கள். எழுதியவை எல்லாவற்றையும் இங்கேயே வைக்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

மாயக்காளின் விரல்களில் காலம் மஞ்சளாகப் படிந்திருந்தது. [அடித்துவிட்டேன். படிந்தது மஞ்சள்தான். காலத்தை யார் கூப்பிட்டது?]

அப்பளம் தேய்க்கும் பெண்களின் உழைப்பை இந்தச் சமூகம் என்றைக்கு— [பாதியில் விட்டேன். அந்த அம்மாள் படித்தால் குழவியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.]

நேராகவே சொல்கிறேன். மாயக்காள் என்று நான் பெயர் வைத்திருக்கும் பெண் வீட்டிலிருந்தே அப்பளம் தேய்த்துக் கொடுப்பவள். வாரக் கூலியில் நோட்டு வீட்டுச் செலவுக்கு, சில்லறை அவளுக்கு. அந்தச் சில்லறையை மஞ்சள் துணியில் முடிந்து, மஞ்சள்தூள் டப்பாவுக்குள் புதைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். எட்டு வருஷமாக. கணவர் நல்லகாமன் ஒருநாள் டப்பாவைத் தொட்டபோது, "அது அழகருக்கு முடிஞ்ச காசு, தொடாதீக" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அதற்குமேல் அவர் கேட்பாரா? நம் பக்கத்தில் சாமிக்கு முடிந்த காசை எமனே வந்தாலும் எடுக்கமாட்டான். ஒவ்வொரு சித்திரையிலும் அழகர் மதுரைக்கு வரும்போது கூடவே உண்டியல் வண்டிகளும் வரும். "இந்த வருசம் போட்டுறலாமா?" என்று நல்லகாமன் கேட்பார். "வேண்டுதல் இன்னும் முடியல" என்பாள். எட்டுச் சித்திரை இப்படியே போனது.

(நல்லகாமன் இந்தக் கதையில் அதிகம் பேசமாட்டார். முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக்கியிருந்தேன், அப்போதுதான் அவள் காசை ஒளிப்பது நியாயமாகும் என்று. லூர்துராஜ் கோபித்துக்கொண்டார். "பீடிகூடக் கெடையாது சார் அந்த மனுசனுக்கு. யாராச்சும் கேட்டா இருக்கிறதைக் கொடுத்துருவாரு, அம்புட்டுத்தான் கொறை." திருத்திவிட்டேன்.)

3

நல்லகாமன் வெங்காய மண்டியில் எடை போடுபவர். அந்த ஆவணியில் கண் மங்க ஆரம்பித்தது. எட்டை மூன்று என்று படித்தார். இரண்டு முறை மூட்டைக் கணக்கு தவறியதும் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "நல்லகாமா, திங்கக்கெழமை வரும்போது கண்ணாடியோட வா. இல்லாட்டி வராத."

கண்ணாடிக்கு எண்பத்தைந்து ரூபாய். மாயக்காளின் மனக்கணக்கில் டப்பாவில் எண்பத்தேழு. இருக்கிறது! ஆனால் சிக்கலைப் பாருங்கள். சாமி காசு என்று தெரிந்தால் அவர் கண்ணாடியைத் தொடமாட்டார். "அழகர் காசுல கண்ணாடி போட்டா இருக்கிற கண்ணும் போயிரும்" என்பார். மஞ்சள் காசைப் பார்த்தால் கண் மங்கியவருக்குக்கூட அடையாளம் தெரிந்துவிடும். ஆகவே அத்தனையும் திங்களுக்குள் நோட்டாக வேண்டும். அதிலும் இரண்டு ரூபாய்க்கு மேல் சேதாரம் ஆகக்கூடாது.

வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போனாள். எண்ண ஆள் இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அங்கிருந்து சில்லறை மாற்றும் பேயாண்டியிடம் போனாள். அவர் முடிச்சைப் பிரிக்காமலே மோந்து பார்த்தார்.

"சாமி காசாத்தா. இதை வாங்கி நான் யார் தலையில கட்டுறது? நூத்துக்குப் பத்து புடிச்சுக்கிட்டுத்தான் தருவேன்."

"ஊரே சில்லறைக்கு அலையுது, எங்கிட்டயே பத்து புடிக்கிறீகளா?"

"மஞ்சக் காசுக்கு அலையலையே."

எண்பத்தேழில் நூற்றுக்குப் பத்தாகப் போனால் எழுபத்தெட்டு முப்பது. கண்ணாடி வராது. மாயக்காள் முடிச்சை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

(பேயாண்டி எண்ணியிருந்தால் அதிலும் அமுக்கியிருப்பார் என்று ஒரு வரி எழுதினேன். ஆதாரம் இல்லை. அடித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படிச் சின்னச் சின்னக் கமிஷன் அடிக்கும் ஆசை உண்டு.)

4

வந்தவள் ஒரு காரியம் செய்தாள். வாளியில் காசைக் கொட்டி, துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாள்.

மஞ்சள் பட்ட சேலையில் சோப்புப் போட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மாயக்காளுக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று சிவந்தது. அலசிப் பார்த்தால் காசு எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது, எழுத்துப் பள்ளங்களைத் தவிர. அங்கே அப்பியிருந்த மஞ்சள் குங்குமமாகிவிட்டது. மஞ்சளோடு விட்டிருந்தால் சந்தேகத்துக்காவது இடம் இருந்திருக்கும். இப்போது மீனாட்சி சன்னதியிலிருந்து நேராக எடுத்துவந்த மாதிரி இருந்தது.

"அடி ஆத்தி!" என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை அடுத்த வீட்டு லூர்துராஜ் பார்த்தார். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, காசுக்குப் பொட்டு வச்சிட்டீங்க?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுக்குப் போயா? மீதி கொடுக்கச் சில்லறை இல்லாம தினம் பத்துப் பேருகிட்ட ஏச்சு வாங்குறேன். நாளைக்கு மத்தியானம் ஸ்டாண்டுக்கு வாங்க. பைசா புடிக்காம நோட்டாத் தாரேன்."

"சாமி காசுன்னு உங்களுக்குப் பயமில்லையா தம்பி?"

"அழகருக்கும் எங்க மாதாவுக்கும் சண்டை ஒண்ணுமில்லக்கா. கொண்டாங்க."

சனிக்கிழமை மத்தியானம், பேரையூர் பஸ் புறப்பட முக்கால் மணி நேரம் இருந்தது. காலி பஸ்ஸில் கடைசி சீட்டில் காசை அடுக்கினார்கள். அவர் பத்துப் பத்தாக எண்ணினார், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூத்தி ஒண்ணு நாப்பது" என்றார் லூர்துராஜ்.

"இருக்காது. எம்பத்தேழு."

மறுபடி எண்ணினார். நூற்று ஒன்று நாற்பது. அவளே எண்ணினாள். நூற்று ஒன்று நாற்பது.

பதினான்கு ரூபாய் நாற்பது பைசா கூட இருந்தது. அந்த டப்பா இருக்கும் இடம் தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான். "மார்கழியில இருந்து அவுக டீக் குடிக்கிறதில்ல தம்பி. வயித்துக்குச் சேரலைன்னாக" என்றாள் மாயக்காள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

அவள் பொய்யாகச் சொன்ன உண்டியலில் அவர் மெய்யாகப் போட்டிருக்கிறார்.

5

இந்த இடத்தில்தான் எனக்குக் கை ஓடவில்லை. முடிவுகள் சில எழுதினேன்.

ஒன்று: மாயக்காள் எதையும் சொல்லாமல் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறாள். நல்லகாமன் அதைப் போட்டுக்கொண்டு முதலில் பார்ப்பது காலி டப்பாவை. [நாடகம். அடித்தேன்.]

இரண்டு: நூற்றொன்றையும் உண்டியலில் கொட்டுகிறாள். கண் தானாகத் தெளி— [சீச்சீ.]

நடந்ததைச் சொல்கிறேன். எண்பத்தேழுக்கு நோட்டு வாங்கிக்கொண்டாள். பதினான்கு நாற்பதைக் காசாகவே திருப்பிக் கேட்டாள். "இதுல அவரு போட்டது எதுன்னு எப்படிக்கா தெரியும்? எல்லாம் செவப்பாத்தானே இருக்கு" என்று லூர்துராஜ் கேட்டார். "தெரியாதுதான், கொடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் புருஷன் முன்னால் நோட்டை ஒரு பக்கமும் காசை ஒரு பக்கமும் வைத்தாள். ஒற்றைச் செங்கல் சுவர். லூர்துராஜ் வீட்டில் அவர் சம்சாரம் ஜோசபினுக்குக் கேட்டது இதுதான்.

"எட்டு வருசமா பொய் சொன்னேன். இது அழகருக்கு இல்ல, நமக்கு. இதுல கண்ணாடி வாங்குங்க."

காசைக் கிளறுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் போட்டது?"

"அது சாமிக்குத்தான். இந்தா தனியா இருக்கு."

"எட்டு வருசமா என்னை ஏச்சுப்புட்டியேடி."

"நீங்க மட்டும்? வயித்துக்குச் சேரலையாம்ல வயித்துக்கு!"

அப்புறம் அவர் சிரித்தாராம். அவளும் சிரித்தாளாம். "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "சாமிகிட்டச் சொன்னதை வெளிய சொன்னா நடக்குமாடி?" என்று அவர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை கண்ணாடியோடு மண்டிக்குப் போனார். போகிற வழியில் லூர்துராஜின் பேட்ஜ் நம்பரைப் பத்தடி தூரத்திலிருந்து உரக்கப் படித்துக் காட்டினாராம்.

6

லூர்துராஜ் இதைச் சொல்லி முடிக்கவும் கல்லுப்பட்டி வரவும் சரியாக இருந்தது. இறங்கிவிட்டேன்.

நல்லகாமன் என்ன வேண்டிக்கொண்டார்? கதையின் மிச்சம் அதுதான். எழுதிப் பார்த்தேன்: ஒரு பிள்ளை வேண்டும் என்று— [எனக்கு எப்படித் தெரியும்?] உளுந்துமாவு பிசைந்து எரியும் அவள் கைக்கு— [இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனாலும்.] கண் முழுசாகப் போவதற்குள் அவளை— [வேண்டாம்.]

அடுத்த சித்திரையில் அந்தப் பதினான்கு நாற்பதை இருவரும் சேர்ந்து உண்டியல் வண்டியில் போட்டார்கள். ஆனால் எந்தக் காசு யாருடையது என்று தெரியாமல் பிரித்தாளே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. என் மேசையில் கிடக்கும் இந்தச் சிவந்த பத்து பைசா அவளுடைய அப்பளக் காசா, அவர் குடிக்காமல் விட்ட டீக்காசா? பின்னதாக இருந்தால், ஒரு மனுஷனின் வேண்டுதலில் ஒரு துண்டு ஆறு வருஷமாக என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. செலவழிக்க மனசில்லை. இரண்டு தடவை அழகர்கோவில் போய் உண்டியல் முன்னால் நின்றேன். எதற்காகப் போடுகிறோம் என்று தெரியாமல் போட முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

நீங்கள் அந்தப் பக்கம் போவீர்களா? கையை நீட்டுங்கள். இந்தாருங்கள், பத்து பைசா. நல்லகாமன் என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடக்கவேண்டும் இல்லையா?