மைப்பொட்டு

கன்னையன் யாரிடமும் சம்பளத்துக்குக் கைகட்டி நின்றவரில்லை. போடியில் ஞானதுரை விற்கும் நோட்டுகளுக்கு அட்டைப்படம் அவருடையதுதான். தாளில் மையால் வரைந்து, அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, அதன்மேலேயே செதுக்குவார். தாள் உளியோடு போய்விடும், படம் பலகையில் நிற்கும். அதில் கறுப்பு மை தடவிக் கையாலேயே ஒற்றுவார். யாராவது வண்ணம் கேட்டால், “கலர் வேணும்னா சர்பத் கடைக்குப் போ” என்று எரிந்து விழுவார்.

அந்த வருஷம் பள்ளி திறந்த வாரத்திலேயே விற்றுத் தீர்ந்தது, மலைமேல் குரங்கணியில் ஏலக்காய் பறிக்கும் சண்முகத்தாய் படம் போட்ட நோட்டு. ஏலக்காய், செடியின் தூரில் மண்ணை ஒட்டித்தான் காய்க்கும். ஏலக்காயில் கொழிக்கும் ஊரில் இது தெரியாதவர்களே அதிகம். படத்தில், காயெடுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தவள், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நிமிர்கிறாள். நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. கன்னையன் தோட்டத்தில் வரைந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டது அவள் புருஷன் மாசானம். அவன் படத்தில் இல்லை, அவன் பார்த்த முகம் இருந்தது.

ஆனி மாதம் ஏலத்தோட்டத்து நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறிய மாசானம், விழுந்து செத்துப்போனான்.

புரட்டாசியில் ஞானதுரை இன்னும் முந்நூறு அட்டை கேட்டார். கன்னையன் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். தாலியறுத்தவள் பொட்டோடு ஊர் முழுக்கச் சுற்றினால் நாக்கில் நரம்பில்லாதவர்கள் சும்மா இருப்பார்களா? அது அவள் காதில் விழுந்தால் தாங்குவாளா? அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளைக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி உளியை எடுத்துப் பொட்டைச் சீவித் தள்ளினார். முந்நூறு அட்டையிலும் நெற்றி வெறிச்சென்று விழுந்தது. நல்லது செய்துவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்கு மனசுகூட நிறைந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் சண்முகத்தாயே வந்து வாசலில் நின்றாள்.

“என்னயப் போட்ட நோட்டு ஒண்ணு வேணும்ண்ணே. வீட்ல இருந்ததை அவரோடயே வச்சு எரிச்சுட்டாக.”

கன்னையன் காய்ந்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். “வெசனப்படாத தாயி. பொட்டை எடுத்துட்டேன். இனி ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்ல முடியாது.”

அவள் அட்டையையே பார்த்தாள். படத்தின் நெற்றியை விரலால் தடவினாள்.

“பதினாறாம் நாளு சொந்தக்காரிக எல்லாஞ் சேந்து எம் பொட்டை அழிச்சாக. நான் அழல. கீழ போடியில, அவரு கூப்பிட்டுப் பாத்த மூஞ்சி பொட்டோட இருக்கு, அது எந்தக் கைக்கும் எட்டாதுன்னு நெனச்சுக்கிட்டேன்.” அட்டையைத் திருப்பி அவரிடம் காட்டினாள். “ஒங்க கைக்கு எட்டிருச்சேண்ணே.”

இத்தனை வருஷத்தில் தன் கையைப் பார்த்துக் கன்னையன் இப்படிக் கூசியதில்லை.

“புதுசாச் செதுக்கித் தாரேன் ஆத்தா” என்றார். சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. கூப்பிட மாசானம் இல்லை. அந்த முகம் இனி நிமிரப்போவதில்லை.

அவள் பலகை ஓரத்தில் இருந்த மைக்கூட்டைப் பார்த்தாள். வலது கையை முந்தானையில் துடைத்தாள். குங்குமம் தொடுவதுபோல் மோதிர விரலை மையில் தொட்டு, அட்டையில் இருந்தவள் நெற்றியில் வைத்தாள். காயட்டும் என்று மெல்ல ஊதினாள்.

தெருவில் ஹாரன் கேட்டது.

“குரங்கணி ஜீப்பு கெளம்புது தாயி.”

“போகட்டும். மிச்சம் எங்கண்ணே?”

அவர் உள்ளறையைக் காட்டினார். “மிச்சம் அம்புட்டும் உள்ளதான் கெடக்கு.”

“கொண்டாங்க” என்று சொல்லி, மைக்கூட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சண்முகத்தாய் குத்தவைத்து உட்கார்ந்தாள்.