ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமை

சாயப் பட்டறையில் வால்வுக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். வாரமெல்லாம் தொட்டியில் சேர்ந்த கழிவை சனிக்கிழமை சாயங்காலம் ஆற்றுக்குத் திறந்துவிடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை சோதிக்க எவனும் வரமாட்டான். திங்கள் விடிவதற்குள் ஆறு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும்.

இந்த ஞாயிறு அவர் மகளுக்கு ஞானஸ்நானம். வழக்கமாகக் கோவிலுக்குள்ளே சிமெண்ட் தொட்டியில் கொடுப்பார்கள். புதிதாக வந்த போதகரோ, படைப்பைக் காப்பதும் ஆராதனைதான், ஆண்டவர் உண்டாக்கிய ஆற்றிலேயே இறங்குவோம் என்று அறிவித்துவிட்டார். சபையில் பாதிப் பேர் பட்டறைக்காரர்கள். அத்தனை பேரும் ஆமென் போட்டார்கள். இன்னொருத்தன் போய் விஷயத்தைச் சொல்லட்டும் என்று ஒவ்வொருத்தரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவரும்தான்.

சனிக்கிழமை மேஸ்திரி வந்தார். சபையில் மூப்பரும் அவரேதான்.

“என்னண்ணே, வால்வை அப்படி முறைக்கிறீங்க? உங்க மாமியாரா அது?”

“நாளைக்கு என் பொண்ணு ஆத்துல இறங்குறா தம்பி.”

மேஸ்திரியின் சிரிப்பு போய்விட்டது. “தெரியும். தொட்டி விளிம்பைப் பாருங்க. இன்னிக்கு விடலேன்னா கீழ நம்ம பட்டறை ஆளுங்க குடியிருக்கற லைன் வீட்டுக்குள்ளதான் வழியும். பிள்ளைங்க தரையில படுக்குற இடம்.”

“போதகர்கிட்ட நீங்க சொல்லலாமே. மூப்பராச்சே!”

“நல்லா இருக்கே! நான் சொல்லி முதலாளி காதுக்குப் போனா ரெண்டு பேரும் வெளியதான். நீங்க சொன்னா நீங்க மட்டும்தான்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கீழே லைன் வீட்டுக் கொடியில், மகளின் வெள்ளைச் சட்டையை மனைவி பார்த்துப் பார்த்து உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திருகினார். குழாய் இருமிவிட்டுக் கொட்டியது.

மறுநாள் காலை போதகர் பாடிக்கொண்டே ஆற்றில் இறங்கினார். இடுப்பளவு போனதும் பாட்டு நின்றது. வெள்ளை அங்கி கீழிருந்து ஊதாவாக ஏறிக்கொண்டிருந்தது.

“இது என்ன?” என்றார் கரையைப் பார்த்து.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்து அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்தார். நாலு பேர் நன்றியோடு சேர்ந்துகொண்டார்கள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை நீட்டினாள்.

“இறங்காதம்மா!” வால்வுக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். “பட்டறைக் கழிவு ஐயா. நேத்து நான்தான் திறந்துவிட்டேன்.”

“ஐயோ, இத்தனை பேர் முன்னாலயா சொல்லுவாரு மனுஷன்!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

போதகர் தண்ணீரிலேயே நின்றார். கோபமா அழுகையா தெரியவில்லை. மகள் மட்டும் அப்பாவின் பிடியிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

“வர்ற சனிக்கிழமை திறக்க மாட்டீங்கதானேப்பா?”

மேஸ்திரி பாட்டை விட்டுவிட்டு வால்வுக்காரர் வாயையே பார்த்தார். லைன் வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. அவர் குனிந்து, மகள் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார்.