பதினொரு சதவீத ஈரம்

போன வருஷம் வற்றல் மிளகாய் விலை எகிறியதைப் பார்த்து, சோளம் போட்டவர், காய்கறி போட்டவர் எல்லோரும் மிளகாய்க்குத் தாவினார்கள். விளைவு தெரிந்ததுதான். இந்த வருஷம் வற்றல் மலைபோல் குவிய, விலை பாதிக்கும் கீழே போனது. கூக்குரல் எழுந்த பிறகு அரசாங்கம் ஆதரவு விலை அறிவித்துக் கொள்முதல் நிலையம் திறந்தது. ஈரம் பதினொரு சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் வாங்க மாட்டார்கள்.

மிளகாய் போட்டவர்களில் ஒருத்தியான அண்ணிக்கு அது ஒரு கவலையே இல்லை. கணவன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். நிலத்தைப் பார்ப்பது அவளும் கொழுந்தனும்தான். பதினாறு நாள் தார்ப்பாயில் பரப்பி, வெயிலுக்குத் தக்கபடி புரட்டிப் போட்டுக் காயவைத்தவள் அவள். கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும்.

ஆனால் வண்டி வரும் வழியில் தூறல் பிடித்தது. நாற்பது மூட்டையில் பின்பக்கத்து நாலு நனைந்துவிட்டன. நிலையத்து அதிகாரி கருவியைக் குத்தியது அதில் ஒன்றில். பதிமூன்று காட்டியது. மொத்தத்தையும் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

வாசலில் வியாபாரி தயாராக நின்றிருந்தான். ஆதரவு விலையில் பாதி தருவதாகச் சொன்னான். கொழுந்தனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வந்தவரை லாபம் என்று தள்ளிவிடலாம் என்றான்.

"அவசரப்படாத தம்பி," என்றாள் அவள்.

வரிசையில் நின்ற மூன்று மணி நேரத்தில், எல்லோரும் முதுகு சாய்த்திருந்த சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவள் வரி விடாமல் படித்திருந்தாள். நேரே அதிகாரியிடம் போனாள்.

"சார், நனைஞ்ச நாலு மூட்டையை நானே தனியா வச்சிடுறேன். அதுல ஈரம் இருக்கறது நிஜம். மத்ததுல பத்து மூட்டைக்கு ஒண்ணு எடுத்து, என் முன்னாடி கலந்து பாக்கணும்னு உங்க நோட்டீஸ்லயே இருக்கு."

"வரிசையைப் பாத்தீங்களாம்மா? அப்படியெல்லாம் பாத்தா பொழுது போயிடும்."

"போகட்டும் சார். இந்த மிளகாய்க்கு எனக்கு அஞ்சு மாசம் போயிருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்தவர் தனக்கும் அப்படித்தான் பார்க்கவேண்டும் என்றார். அதற்குப் பின்னாலும் தலைகள் ஆடின. அதிகாரி பொல்லாத மனிதரில்லை. கிடங்கு நிரம்பி வழிகிறது, ஆளும் போதவில்லை. நோட்டீஸை ஒருமுறை தானும் படித்துப் பார்த்தார். பிறகு நனையாத முப்பத்தாறில் நாலு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். கலந்து பார்த்ததில் பத்து புள்ளி நாலு.

முப்பத்தாறு மூட்டையும் தராசு ஏறின. மிச்ச நாலையாவது கொடு என்று வியாபாரி பின்னாலேயே வந்தான். மூன்று நாள் வெயில் காட்டி இங்கேயே கொண்டுவரப் போவதாகச் சொல்லி அவனை அனுப்பிவைத்தாள். அன்றைக்கு வரிசை ஆமைபோல் நகர்ந்தது; ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

திரும்பும்போது கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணி, அடுத்த வருஷம் நிலம் முழுக்க மிளகாயே போட்டுடலாம். அரசாங்கம்தான் வாங்குதே."

"பாதிதான் போடணும். எல்லாரும் முழுசாப் போட்டதாலதான் இன்னைக்கு இங்க வந்து நின்னோம்."

மறுபாதியில் நிலக்கடலை என்றான் அவன். வெங்காயம் என்றாள் அவள். வீடு வந்து சேர்ந்தும் அந்த வழக்கு தீரவில்லை.